அரைக்காலா, மாகாணியா?

புனேயில் பாடநூல் வேண்டுமென்றால் ‘அப்பா பல்வந்த் சௌக்’ என்ற கடைவீதிக்குப் போகச் சொல்வார்கள். புதுப் புத்தகக் கடைகளின் வெளிச்சம் ஓய்கிற சந்துகளில் ரத்திக் கடைகள் உண்டு. ரத்தி என்றால் மராத்தியில் பழைய பேப்பர். வீடு காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து போடுவதை எடை போட்டு வாங்கி, எடை போட்டே விற்பார்கள். அப்படி ஒரு கடையில் சணல் கயிறு கட்டிய கட்டு ஒன்றில், ஒரு புத்தகத்தின் முதுகில் ‘ரிலேட்டிவிட்டி’ என்ற சொல் கண்ணில் பட்டது. “ஒண்ணை மட்டும் உருவித் தரமாட்டேன் பாவூ, கட்டோட எடுத்துக்கோ” என்றார் கடைக்கார காகா. நாலரைக் கிலோ. அறைக்குத் தூக்கிவந்து பிரித்தேன்.

பழைய கால்குலஸ் பாடநூல்கள், மராத்தி அறிவியல் இதழ்கள், நடுவில் அந்தப் புத்தகம்: ‘எ ரேண்டம் வாக் இன் ரிலேட்டிவிட்டி அண்ட் காஸ்மாலஜி’. வைலி ஈஸ்டர்ன் 1985இல் வெளியிட்டது. பி.சி. வைத்யா, அமல் குமார் ராய்சௌதுரி என்ற இரண்டு இந்தியச் சார்பியல் அறிஞர்களுக்காகத் தொகுத்த மரியாதை மலர். தொகுத்தவர்கள் நால்வர்: நரேஷ் தாதிச், ஜே. கிருஷ்ண ராவ், ஜயந்த் நார்லிகர், சி.வி. விஸ்வேஸ்வரா. உள்ளே கிரேக்க இயற்பியலாளர் அகிலிஸ் பாபாபெட்ரூவின் கட்டுரை ஒன்று. ஒருமைப்புள்ளி எப்படி உருவாகிறது, அதனால் காரண காரியத் தொடர் என்ன ஆகிறது என்பது பொருள். அதன் ஓரத்தில் பென்சிலால், மராத்தியில் இரண்டு வரி. தனக்கு 1/16 வருகிறது என்றும் மற்றவர்கள் 1/8 என்று எழுதுகிறார்கள் என்றும் யாரோ குறித்திருந்தார். கடைசியில் கேள்விக்குறி. பெயரும் இல்லை, தேதியும் இல்லை.

எட்டில் ஒன்று அரைக்கால். பதினாறில் ஒன்று மாகாணி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்கம் மனப்பாடம் செய்த என் தாத்தாவுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் சந்தேகமே வந்திருக்காது. அறிவியல் வரலாற்றில் பழைய தாள் தேடுவது என் வேலை. இந்தப் பென்சில் வரி என்னை ஏறக்குறைய ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் கேள்வி என்ன என்று புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மனிதன் முன்கூட்டிச் சொல்லிப் பழகிய முதல் விஷயமே வானம்தான். ஜான் வாரன் 1825இல் சென்னையில் அச்சிட்ட ‘கால சங்கலித’ நூலில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை வைத்து அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணிக்கிறார். கிரகணம் பிடிக்கும் நேரம் சில நிமிட வித்தியாசத்தில் அவருக்கு வந்துவிடுகிறது. வானத்தைக் கணித்துவிடலாம் என்ற நம்பிக்கை நியூட்டனுக்குப் பிறகு உறுதியான கோட்பாடாகவே ஆயிற்று: இன்றைய நிலை முழுவதும் தெரிந்தால் நாளை முழுவதும் தெரியும்.

இதில் முதல் விரிசல் கோள்களிடமே இருந்தது. பூமி இன்று இருக்கும் இடத்தில் 15 மீட்டர் பிழை இருந்தால் போதும், பத்துக் கோடி ஆண்டுகளில் அது தன் பாதையில் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாமல் போகும். பாரிஸில் ஜாக் லாஸ்கர் 1989இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 2009இல் அவரும் காஸ்தினோவும் சூரியக் குடும்பத்தை 2,501 முறை கணினியில் ஓட்டினார்கள். தொடக்கத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத வேறுபாடு. ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு ஓட்டத்தில் புதன் தடம் புரண்டது. ஆனாலும் இங்கே தவறு நம் அளவுகோலில்தான் இருக்கிறது. சமன்பாடு பதில் வைத்திருக்கிறது, அதைக் கேட்கும் அளவுக்கு நம் தகவல் துல்லியமாக இல்லை.

பென்சில்காரரின் எண் வேறு சங்கதி. எல்லாத் தகவலும் துளிப் பிழையில்லாமல் கையில் இருந்தும், சமன்பாடே “இதற்கு மேல் என்னைக் கேட்காதே” என்று நிற்கும் இடம் எது என்பது அவர் கேள்வி.

ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஒரு கணத்தின் முழு நிலையைக் கொடுத்தால் அடுத்த கணங்களைச் சமன்பாடு கட்டிக்கொண்டே போகும். அப்படிக் கட்ட முடிகிற பகுதியின் விளிம்புக்குக் கோஷி எல்லை என்று பெயர். பிரெஞ்சுக் கணிதர் கோஷியின் பெயரால் வந்தது. பொருள் தன் ஈர்ப்பால் நொறுங்கி அடர்த்தி எல்லையில்லாமல் ஏறும் இடம் ஒருமைப்புள்ளி. அங்கே சமன்பாடு செத்துவிடும். கருந்துளையின் போர்வைக்குள் அது செத்தால் வெளியே இருக்கிற நமக்குப் பாதகம் இல்லை, உள்ளேயிருந்து எதுவும் வராது. போர்வை மூடுவதற்கு முன்பே அந்தப் புள்ளியிலிருந்து ஒரு ஒளிக்கதிர் தப்பி வெளியே வந்தால்தான் வில்லங்கம். அந்தக் கதிர் எதைச் சுமந்து வரும் என்று எந்த முந்தைய தகவலும் சொல்லாது. ஆவணக் காப்பகத்தில் பதிவேட்டில் ஏறாத கோப்பு ஒன்று அலமாரியில் திடீரென்று இருப்பதைப் போல. அதை நம்பி எதையும் எழுத முடியாது, அது இல்லை என்று விடவும் முடியாது. இயற்பியலாளர்கள் அதை அம்மண ஒருமைப்புள்ளி என்கிறார்கள். இயற்கை அப்படி ஒன்றை அனுமதிக்காது என்று 1969இல் ரோஜர் பென்ரோஸ் ஊகித்தார். அதற்குப் பிரபஞ்சத் தணிக்கை என்று பெயர். இன்றுவரை பொதுவான நிரூபணம் கிடையாது.

இனி பென்சில் எண். வெற்றிடத்தின் நடுப்புள்ளியை நோக்கி எல்லாத் திசையிலிருந்தும் கதிர்வீச்சு பாய்கிறது. நடுவில் சேரும் நிறை நேரத்தோடு ஒரே சீராக ஏறுகிறது. ஒளிவேகத்தையும் ஈர்ப்பு மாறிலியையும் 1 என்று வைத்தால் நிறை ஏறும் வீதம் அலகில்லாத வெறும் எண்ணாகிவிடும். அதைக் ‘க’ என்போம். நடுப்புள்ளியிலிருந்து ஒளி தப்புமா என்று கேட்டால், பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு ஒன்று வந்து நிற்கிறது. உறுப்புகளின் கெழுக்கள் 2க, −1, 2. தன்மைகாட்டி 1 − 16க. அது எதிர்க்குறியாக இல்லாதவரை மெய்யான விடை உண்டு, அதாவது தப்பும் பாதை உண்டு. ‘க’ மாகாணிக்கு மேல் போனால் பாதை கிடையாது.

அப்படியானால் அரைக்கால் எங்கிருந்து வந்தது? இந்த மாதிரியைப் பற்றி வந்த கட்டுரைகளை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்த ஒரு மத்தியானம் விடை கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் பலர் நிறையை எழுதாமல் நிறையின் இரண்டு மடங்கை எழுதி, அதன் வீதத்தைக் குறியீடாக வைத்திருக்கிறார்கள். கருந்துளைச் சூத்திரத்தில் நிறை எப்போதும் இரண்டு மடங்காகவே வரும், அதனால் அது வசதி. இரட்டித்த வீதத்துக்கு எல்லை அரைக்கால், இரட்டிக்காத வீதத்துக்கு மாகாணி. இருவர் சொன்னதும் சரி.

வெறும் எண்ணை நம் அலகுக்கு மாற்றினேன். ஒளிவேகத்தின் மூன்றாம் அடுக்கை ஈர்ப்பு மாறிலியால் வகுத்து, அதில் பதினாறில் ஒரு பங்கு எடுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 12,700 சூரிய நிறை. எண்ணைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ பிடித்த முதல் ஈர்ப்பலையில், இரண்டு கருந்துளைகள் மோதிய உச்சகட்டத்தில் வெளிப்பட்ட ஆற்றல் வினாடிக்குச் சுமார் 200 சூரிய நிறைக்குச் சமம். நாம் அறிந்த மிகக் கொடூரமான நிகழ்ச்சிகளில் ஒன்றான இதுவே மாகாணிக் கோட்டுக்கு வெகு தூரம் கீழே. அது வெளியே போன ஆற்றல், இங்கே கேட்பது உள்ளே பாயும் ஆற்றல் என்பது உண்மைதான். இருந்தாலும் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதற்கு இது ஓர் அளவு. இந்த மாதிரியில் எளிதில் நடக்கக்கூடியது போர்வையில்லாத ஒருமைப்புள்ளி. போர்வை போடத்தான் அசுர வேகம் வேண்டும்.

இந்த மாதிரியின் பெயர் வைத்யா மெட்ரிக். எனவே தேடல் பின்னோக்கி வைத்யாவிடம் போயிற்று.

அவர் முதல் குறிப்பு வெளியானது பெங்களூரின் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில், 1943, பன்னிரண்டாம் தொகுதி, பக்கம் 183. இப்போது எதுவும் கணினியில் கிடைக்கும். ஆனாலும் அச்சிட்ட தாளையே பார்க்க ஆசைப்பட்டேன். போர்க்காலத் தாளின் தரம், அடுத்த பக்கத்தில் என்ன செய்தி இருந்தது, யார் கையொப்பத்தோடு நூலகத்துக்கு வந்தது, இதெல்லாம் திரையில் தெரியாது. ஒரு பழைய கல்லூரி நூலகத்தில் அந்தத் தொகுதி இருப்பதாகப் பட்டியல் சொன்னது. இரண்டு கடிதம், ஒரு பரிந்துரை, அரை நாள் காத்திருப்பு. கட்டிய தொகுதி மேசைக்கு வந்தது. 150ஆம் பக்கத்துக்கு மேல் செல் அரித்து, தாளுக்குப் பதிலாக மண் தடம் மட்டும் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருத்தம் இப்போதும் நினைவில் இருக்கிறது.

பிறகு அச்சில் நான் படித்தது மறுபதிப்பை. ‘ஜெனரல் ரிலேட்டிவிட்டி அண்ட் கிராவிடேஷன்’ இதழ், எளிதில் கிடைக்காத பழைய முக்கியக் கட்டுரைகளைத் தேடி மறுபடி அச்சிடும் வரிசை ஒன்றை நடத்துகிறது. 1999இல், 31ஆம் தொகுதியில், 119ஆம் பக்கத்தில் வைத்யாவின் 1943 குறிப்பு இருக்கிறது. இரண்டே பக்கம். அதைத் தொடர்ந்து 1951இல் அவர் விரித்து எழுதிய கட்டுரை.

அந்த இரண்டு பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைச் சொல்லாமல் போக முடியாது. பிரகலாத் சுனிலால் வைத்யா 1918இல் ஜூனாகத் பக்கம் ஷாபூரில் பிறந்தவர். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1942இல் மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு காசிக்குப் புறப்பட்டார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் விஷ்ணு வாசுதேவ் நார்லிகர் சார்பியல் செய்கிறார், அவரிடம் கற்க வேண்டும் என்பதுதான் காரணம். உதவித்தொகை இல்லை. சேமித்த பணம் தீரும்வரை, ஏறக்குறைய பத்து மாதம், அங்கே இருந்தார். ‘வெள்ளையனே வெளியேறு’ கிளம்பிய ஆண்டு அது.

அங்கே அவர் முன்னால் வந்த கேள்வி குழந்தை கேட்கக்கூடியது. நட்சத்திரத்துக்கு வெளியே ஈர்ப்பு எப்படி இருக்கும் என்று 1916இல் ஷ்வார்ட்ஸ்சைல்ட் விடை சொல்லிவிட்டார். அந்த விடையில் நட்சத்திரத்துக்கு வெளியே வெற்றிடம். ஆனால் நட்சத்திரம் ஒளிவிடுகிறதே! வெளியே முழுவதும் அதன் வெளிச்சம் ஓடிக்கொண்டிருக்கிறதே! வெளிச்சத்துக்கும் ஆற்றல் உண்டு, ஆற்றலுக்கும் ஈர்ப்பு உண்டு, வெளிச்சத்தை இழக்க இழக்க நட்சத்திரத்தின் நிறையும் குறையும். அதையெல்லாம் சேர்த்தால் விடை என்ன? வைத்யாவின் இரண்டு பக்கம் அந்த விடை. 1953இல் ‘நேச்சர்’ இதழில் அதையே ஒளிக்கதிர்களோடு ஓடும் கால அளவில் எழுதினார். சூத்திரம் ஒரு வரியாகச் சுருங்கிற்று. அந்த வரியில் ஒரு குறியை மாற்றினால் வெளியே போகும் ஒளி உள்ளே பாயும் ஒளியாகிவிடும், ஒளிவிடும் நட்சத்திரம் நொறுங்கும் உருண்டையாகிவிடும். பாபாபெட்ரூ அந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார். வைத்யாவைக் கௌரவிக்கும் மலரிலேயே, வைத்யாவின் சூத்திரம் கணிப்பின் எல்லையைக் காட்டுகிறது என்று எழுதினார். இதைவிடப் பெரிய மரியாதை ஓர் அறிஞருக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வைத்யா காசிக்குப் போன ஆண்டில் ஆசிரியர் வீட்டில் நாலு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். 1938 ஜூலை 19 அன்று கோலாப்பூரில் பிறந்த ஜயந்த். பின்னாளில் புனேயில் ஐயூகா எனப்படும் வானியல், வானியற்பியல் மையத்தை நிறுவி முதல் இயக்குநராக இருந்தவர். தந்தை விஷ்ணு நார்லிகரும் பிற்காலத்தில் புனே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஆக, என் தேடலின் காசிக் கிளை தானாகவே புனேக்குத் திரும்பிவிட்டது.

அதே 31ஆம் தொகுதியைத் திருப்பிக்கொண்டே போனபோது 1619ஆம் பக்கத்தில் நின்றேன். பி. தத், கல்கத்தா. 1938இல் ஜெர்மன் மொழியில் ‘ட்ஸைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் ஃபிஸீக்’ இதழின் 108ஆம் தொகுதியில் வந்த கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் நட்சத்திரம் முழுதாக நொறுங்குவதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1939 செப்டம்பர் 1 தேதியிட்ட ‘ஃபிஸிகல் ரிவ்யூ’வில் வந்தது, ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த அதே நாள். தத்தின் கட்டுரை அதற்கு முந்தைய ஆண்டு. அழுத்தமில்லாத தூசிமேகம் தன் ஈர்ப்பில் எப்படி நகரும் என்பதற்கு அவர் விடை கண்டிருந்தார். அதனால்தான் இந்தியச் சார்பியலாளர்கள் அந்த நொறுங்கலை ஓப்பன்ஹைமர், ஸ்னைடர், தத் என்று மூன்று பெயராலும் சொல்கிறார்கள்.

இரண்டு கட்டுரைகளுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாட்டைப் பார்த்தபோது என் தேடலின் முடிச்சு அவிழ்ந்தது. ஓப்பன்ஹைமரின் மேகம் நடுவிலும் ஓரத்திலும் ஒரே அடர்த்தி. அதை நொறுக்கினால் போர்வை முதலில் மூடும், ஒருமைப்புள்ளி பிறகு பிறக்கும், வெளியுலகம் பத்திரம். கருந்துளை பற்றிய நம் மனச்சித்திரம் முழுவதும் அந்தச் சீரான மேகத்திலிருந்து வந்தது. தத்தின் சமன்பாடுகளோ இடத்துக்கு இடம் மாறும் அடர்த்திக்கும் இடம் கொடுக்கின்றன. நிஜ நட்சத்திரம் நடுவில் கெட்டியாகவும் ஓரத்தில் இளகியும் இருக்கும். அப்படிப்பட்ட தூசிமேகத்தை 1979இல் எர்ட்லியும் ஸ்மாரும், 1984இல் கிறிஸ்டோடூலூவும் நொறுக்கிப் பார்த்தார்கள். போர்வையில்லாத ஒருமைப்புள்ளி எட்டிப் பார்த்தது. 1990களில் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் பங்கஜ் ஜோஷி, டி.பி. சிங் முதலியோர் இன்னும் கூர்மையாகச் சொன்னார்கள்: மையத்திலிருந்து விலகும்போது அடர்த்தி எப்படிக் குறைகிறது என்பதில் விதி அடங்கியிருக்கிறது. தூரத்தின் முதல் அடுக்கிலோ இரண்டாம் அடுக்கிலோ குறையத் தொடங்கினால் திறந்த ஒருமைப்புள்ளி. மூன்றாம் அடுக்கில் தொடங்கினால் ஓர் எண்ணைத் தாண்டுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. அதற்கும் மென்மையாகக் குறைந்தால் கருந்துளை.

எனக்குக் கிடைத்த சரடு இதுதான். நட்சத்திரம் ஒளிவிடுகிறதே என்று வைத்யா கேட்டார். மேகம் எங்கும் ஒன்றுபோல் இருக்காதே என்று தத்தின் கணக்கு இடம் விட்டது. மாதிரியை நிஜத்துக்கு ஓரடி பக்கத்தில் கொண்டுவந்த இரண்டு தடவையும் கணிப்பின் சுவரில் ஓட்டை தெரிந்தது. நிஜத்துக்குப் பக்கத்தில் போகப் போகக் கணிப்பு பலப்படும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே அது தலைகீழாக நடந்திருக்கிறது. இன்னும் ஓரடி போனால், அழுத்தம், சுழற்சி, குவாண்டம் விதிகள் எல்லாம் சேர்ந்தால், ஓட்டை அடைபடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் அந்த நம்பிக்கையில் 1991இல் பிரெஸ்கில், தோர்ன் இருவரோடு பந்தயமே கட்டினார். 1993இல் மாத்யூ சாப்டூயிக் கணினியில், மிகத் துல்லியமாக ஒத்திசைத்த தொடக்கத்திலிருந்து அம்மண ஒருமைப்புள்ளி பிறப்பதைக் காட்டினார். 1997இல் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு, ‘பொதுவான தொடக்கத்திலிருந்து பிறக்காது’ என்று நிபந்தனையை மாற்றி மறுபடியும் பந்தயம் கட்டினார்.

ஐயூகா வளாகத்துக்கு நான் போகும் நாட்களில் முற்றத்தில் சிறிது நேரம் உட்காருவது வழக்கம். சார்லஸ் கொரியா வடிவமைத்த கட்டடம். ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வரும் அங்கே சிலையாக இருக்கிறார்கள். ஜயந்த் நார்லிகர் 2025 மே 20 அன்று காலமானார். பெருவெடிப்பை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்கமே ஒருமைப்புள்ளி என்றால், எல்லாக் கணிப்புக்கும் அடிப்படையான அந்த ஒரு நிகழ்ச்சியில் இயற்பியல் பேச்சற்றுப் போகிறது என்பது அவருடைய தீராத ஆட்சேபம். ஃபிரெட் ஹாயிலோடு சேர்ந்து, புதுப் பொருள் பிறந்துகொண்டே இருக்கும், ஒருமைப்புள்ளி தேவைப்படாத மாதிரிகளைக் கட்டினார். 1993இல் ஜெஃப்ரி பர்பிட்ஜும் சேர்ந்த வடிவம் ஒன்று வந்தது. 1965இல் கண்ட நுண்ணலைப் பின்னணியை அந்த மாதிரிகள் திருப்தியாக விளக்கவில்லை என்பதுதான் பெரும்பாலான வானியலாளர்களின் முடிவு, என் முடிவும் அதுவே. ஆனால் அவர் ஆட்சேபத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லிவிடவில்லை. பிரபஞ்சவியலில் இன்னொரு கட்டையும் இருக்கிறது: ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது பிரபஞ்சம் கிடையாது. நுண்ணலைப் பின்னணியின் மிகப் பெரிய அளவு ஏற்ற இறக்கத்தை ஐந்தே எண்கள்தான் விவரிக்கின்றன. அந்த ஐந்திலிருந்து சராசரி எடுத்தால், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், 63 விழுக்காடு நிச்சயமின்மை ஒட்டிக்கொண்டே வரும்.

அந்த வளாகத்தின் அரங்கத்துக்குச் சந்திரசேகர் பெயர். 1992 டிசம்பர் 28 அன்று ஐயூகாவை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர்தான். வெள்ளைக் குறுமீன் வரம்புக்காக நாம் அவரைக் கொண்டாடுகிறோம். அந்த அர்ப்பணிப்புக்குப் பத்து ஆண்டு முன்பு அவர் ஜேம்ஸ் ஹார்ட்டிலோடு எழுதிய கட்டுரையைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. மின்னூட்டம் பெற்ற கருந்துளைக்குள்ளே ஒரு கோஷி எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் கணிப்பு முடிந்தது. அதைத் தாண்டப் போகிறவரைச் சிறு அதிர்வும் எல்லையில்லாத ஆற்றலோடு வந்து தாக்கும் என்று இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். கணிப்பு செல்லாத நிலத்துக்குப் போகும் வாசலில் நெருப்பு எரிகிறது. பலகாலம் அது போதுமான காவல் என்று தோன்றியது. 2018இல் கார்டோசோவும் உடன் ஆய்வாளர்களும், பிரபஞ்சம் முடுக்கத்தோடு விரிவதைச் சேர்த்துக்கொண்டு, உச்ச அளவுக்குக் கிட்டத்தட்ட மின்னூட்டம் கொண்ட கருந்துளைகளைப் பார்த்தார்கள். விரிவு அதிர்வுகளைச் சீக்கிரம் தணித்துவிடுகிறது, நெருப்பின் சூடு குறைகிறது. அதைக் கணிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது, கருந்துளை மணிபோல் ஒலித்து அடங்கும் அதிர்வெண்களை. 1970இல் அந்த ஒலியை முதலில் கணக்கில் பிடித்துக் காட்டியவர், என் ரத்திக் கட்டுப் புத்தகத்தின் தொகுப்பாளர்களில் ஒருவரான விஸ்வேஸ்வரா. நிஜத்துக்கு இன்னும் ஓரடி, சுவரில் இன்னும் ஒரு நெகிழ்ச்சி. நிஜமான கருந்துளைக்கு அவ்வளவு மின்னூட்டம் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பென்சில்காரர் யார் என்று தேடிக் காகாவிடம் மறுபடியும் போனேன். கட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “சதாசிவ் பேட்டில ஒரு வாடா இடிச்சாங்க பாவூ. மூணு டெம்போ வந்துது. மிச்சமெல்லாம் மில்லுக்குப் போயாச்சு” என்றார். அந்தப் பழைய வீடு இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். தகரத் தடுப்புக்குப் பின்னால் அஸ்திவாரக் குழி.

எனவே மிஞ்சியது தத்தின் கட்டுரை. அதைக் கடைசியாக ஒருமுறை வரிவரியாகப் படித்தேன். தன் விடைகளில் ஒரு தனி வகையை அவர் கண்டுபிடித்து, இயற்பியலுக்கு இது பெரிதாகப் பயன்படாது என்று ஒதுக்கிவிடுகிறார். 1968இல் சோவியத் ஆய்வாளர் ரூபன் அதே விடையைத் திரும்ப எடுத்துப் பொருள் கண்டார். இன்று அதற்குத் தத்–ரூபன் தீர்வு என்று பெயர். அதன் குணம் விசித்திரமானது. உள்ளே எவ்வளவு தூசியைக் கொட்டினாலும் வெளியிலிருந்து அளக்கும் நிறை மாறாது. சேர்க்கும் ஒவ்வொரு துகளின் நிறையையும் ஈர்ப்பாற்றல் அப்படியே கழித்துவிடும். ஒரு சூரியன் அளவு பொருள் இருந்தாலும் ஆயிரம் சூரியன் அளவு இருந்தாலும் வெளியே தராசு ஒரே எண்ணைக் காட்டும்.

அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பாபாபெட்ரூவின் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் செருகி வைத்தேன். பென்சில் கேள்விக்குறிக்குக் கீழே, பென்சிலாலேயே, ‘இரட்டித்தால் அரைக்கால்’ என்று தமிழில் எழுதித் தேதி போட்டிருக்கிறேன்.